வீட்டுக் கடனுக்கு முன் கடன் ஒழுக்கம்

சொந்த வீடு கட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு விவசாயக் குடும்பத்தின் ஆசையாகும். மனை இருக்கும், பட்டாவும் இருக்கும். ஆயினும் வங்கியில் கடன் கேட்கும்போது சிலருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. எங்கள் பயிற்சிக்கு வந்த சிறு விவசாயி ஒருவரின் அனுபவம் இது. தம் பயிர்க் கடனை அவர் ஆண்டு தவறாமல் கட்டி வந்தவர். ஆனால் மைத்துனரின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கடன் தவணை தவறியதால் இவருடைய வீட்டுக் கடன் மனு நிராகரிக்கப்பட்டது. கூரை போட வேண்டிய சுவர்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் நனைந்து நின்றன.

கடன் மதிப்பெண் என்பது என்ன?

நாம் வாங்கும் கடன்களையும் கட்டும் தவணைகளையும் வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. நம் நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் நான்கு உள்ளன. அவற்றுள் சிபில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இத்தகவல்களைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. பொதுவாக 750க்கு மேல் இருந்தால் நல்ல மதிப்பெண்ணாகக் கருதப்படும். பயிர்க் கடன், நகைக் கடன், வண்டிக் கடன், மகளிர் குழுக்கள் மூலம் பெறும் சிறுகடன் ஆகியவையும் இப்பதிவில் இடம் பெறலாம். மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தால் அவருடைய பதிவும் பார்க்கப்படும்.

இதனால் என்ன லாபம்?

மதிப்பெண்ணைப் பார்த்தே பல வங்கிகள் வட்டியையும் நிர்ணயிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 10 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 8.5 சதமானால் மாதத் தவணை சுமார் 8,678 ரூபாய், 9.5 சதமானால் சுமார் 9,321 ரூபாய். இருபது ஆண்டுகளில் வித்தியாசம் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு நல்ல கறவை மாடும் கொட்டகையும் இதில் அடங்கும் அல்லவா?

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விதைக்கு முன் மண் பரிசோதனை செய்வது போல, விண்ணப்பிக்கக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே கடன் அறிக்கையைப் பெற்றுப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும்.

2. கட்டி முடித்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால் உடனே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 30 நாட்களுக்குள் சரி செய்யப்படாவிடில் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற 2024 முதல் வழி உள்ளது.

3. பயிர்க் கடனைத் தவணைத் தேதிக்குள் செலுத்த வேண்டும். உழவர் கடன் அட்டைத் திட்டத்தில் 7 சத வட்டியில் 3 சதம் சலுகை கிடைக்கும். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் மிச்சம். குறுகிய காலப் பயிர்க் கடன் இரண்டு பருவங்கள் நிலுவையில் நின்றால் வாராக் கடனாகிவிடும்.

4. விளைச்சல் பொய்த்தால் ஒளிந்திருத்தல் கூடாது. தவணைத் தேதிக்கு முன்பே மேலாளரைச் சந்தித்துத் தவணையை மாற்றியமைக்கக் கேட்க வேண்டும்.

5. அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி பெற்றுக் கணக்கை முடிப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் அது முழுமையாகக் கட்டிய கடனாகப் பதிவாகாது. முழுவதும் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெறுவதே நன்று.

6. ஜாமீன் கையெழுத்து வெறும் உபசாரம் அன்று. அதுவும் நம் கடனே. முகத்துக்காகக் கையெழுத்திடல் ஆகாது.

7. ஒரே நேரத்தில் பல வங்கிகளில் மனுச் செய்தல் கூடாது. ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும்.

8. நெல், கரும்பு, பால் விற்ற பணத்தை வங்கிக் கணக்கின் வழியே பெற்று வரவேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத நமக்கு அந்தப் பாஸ் புத்தகமே வருமானச் சான்று.

9. முப்பது லட்சம் ரூபாய் வரையுள்ள வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 90 சதத்துக்கு மேல் வங்கி கொடுக்காது. மீதிப் பணத்தை அறுவடைதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து வரவேண்டும்.

முடிவு

மதிப்பெண் ஒரே நாளில் உயராது. தழையுரம் இட்ட நிலம் பருவந்தோறும் வளம் பெறுவது போல, தவறாத தவணைகளால் அது மெல்ல மெல்ல உயரும். மேற்சொன்ன விவசாயியும் மைத்துனரும் கரும்புப் பணம் வந்ததும் டிராக்டர் நிலுவையைக் கட்டிச் சான்று பெற்றனர். ஓராண்டு கழித்து அவருடைய வீட்டுக்குக் கூரை போடப்பட்டது. முன்னதாகவே அறிக்கையைப் பார்த்திருந்தால் அந்த மழைக்காலம் வீணாகியிராது. எனவே விவசாயப் பெருமக்கள் அஸ்திவாரம் தோண்டும் முன்பே தங்கள் கடன் பதிவைச் சீர்செய்து பயன்பெற வேண்டுகிறோம்.