வரப்புப் பூக்கள் சொல்லும் வேலை

காலையில் நாய் முன்னே ஓட, வரப்பைச் சுற்றி வருவது நம் விவசாயிகள் பலரின் வழக்கம். மடையையும் பயிரையும் பார்க்கும்போது வரப்பில் பூத்திருப்பதையும் கவனித்து வந்தால், செய்ய வேண்டிய வேலை தவறாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தும்பை வெள்ளையாகப் பூக்கும். அதனிடையே பார்த்தீனியமும் வெள்ளைப் பூவுடன் நிற்கும். தும்பைப் பூவைத் தேனீக்கள் நாடி வரும். அதை விட்டு வைக்கலாம். பார்த்தீனியத்தின் இலை காரட் இலைபோல் பிளவுபட்டிருக்கும். 1950களில் புனேயில் கவனிக்கப்பட்ட இக்களை இன்று எங்கும் பரவிவிட்டது. தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரக்கூடியது. முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். எனவே மண் ஈரமாக இருக்கையில், பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த செடியை எருக்குழியில் போடக்கூடாது. 1984-ல் நம் நாட்டில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு இதன் இலையைத் தின்னும். அதைக் கண்டால் கொல்ல வேண்டாம்.

மானாவாரிச் சோளத்தின் அடியில் சிறு வெள்ளைப் பூக்கள் தெரிந்தால் அது சுடுமல்லி. சோளத்தின் வேரைப் பற்றிச் சத்தையும் நீரையும் உறிஞ்சும். தூசி போன்ற அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். காய் பிடிக்குமுன் பிடுங்கி எரித்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் சோளத்திற்குப் பதில் பருத்தி அல்லது தட்டைப்பயறு பயிரிடலாம். இவற்றின் வேர்க்கசிவால் சுடுமல்லி விதை முளைக்கும். ஆனால் பற்றிப் பிழைக்க வழியின்றி மடியும்.

கொழுஞ்சி ஊதா நிறத்தில் பூக்கும் தருணமே தழைக்கு ஏற்றது. அறுத்து நெல் நடவு வயலில் மிதித்துவிடலாம். தாமதித்தால் தண்டு நார் பிடித்து, மட்க நாளாகும்.

தை பிறக்கும்போது காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறிப்போம். நாயுருவியும் ஒட்டுப்புல்லும் விதை முற்றி நிற்கும் காலமும் அதுவே. அவ்விதைகள் வேட்டியிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்ச் சேரும். வரப்பை விட்டு இறங்குமுன் தட்டி எடுத்து, அடுப்பில் போட்டுவிடுங்கள்.

வேலை மிச்சம் என்று வரப்பு முழுவதும் களைக்கொல்லி தெளித்தால் தும்பையும் கொழுஞ்சியும் சேர்ந்தே அழியும். வெற்று வரப்பில் விரைந்து குடியேறுவது பார்த்தீனியமே. ஆகவே எந்தப் பூ என்று அறிந்து கைவையுங்கள். செலவும் குறையும், வரப்பும் காக்கப்படும்.