கலச்சுவாசம்

உயிரங்கிகளின் அசைவு, வளர்ச்சி போன்ற எல்லாச் செயற்பாடுகளுக்கும் சக்தி தேவை. உணவில் அடங்கியுள்ள இரசாயனச் சக்தி, உயிர்க்கலங்களினுள் நொதியங்களின் உதவியுடன் படிப்படியாக விடுவிக்கப்படும் செயன்முறை கலச்சுவாசம் எனப்படும். மூச்சுவிடுதல் என்பது வாயுப் பரிமாற்றத்துக்கு உதவும் செயல் மட்டுமே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதக் கூடாது.

விடுவிக்கப்படும் சக்தியின் ஒரு பகுதி அடினோசின் முப்பொசுபேற்று (ஏரீபி) மூலக்கூறுகளில் சேமிக்கப்படும். எஞ்சியது வெப்பமாக வெளியேறும்.

1. காற்றிற் சுவாசம்

குளுக்கோசு + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + சக்தி

முதலாம் படி குழியவுருவில் நிகழும். இங்கு ஒரு குளுக்கோசு மூலக்கூறு இரு பைருவேற்று மூலக்கூறுகளாக உடையும். இதற்கு ஒட்சிசன் தேவையில்லை. அடுத்த படிகள் இழைமணியில் நிகழும். ஒட்சிசன் பயன்படுவது இங்கேயே. எனவேதான் அதிக சக்தி தேவைப்படும் தசைக் கலங்களில் இழைமணிகள் அதிகம்.

2. காற்றின்றிய சுவாசம்

ஒட்சிசன் இல்லாதபோது குளுக்கோசு பூரணமாக உடைவதில்லை.

மதுவத்தில்: குளுக்கோசு → எதனோல் + காபனீரொட்சைட்டு + சக்தி
தசைக் கலத்தில்: குளுக்கோசு → இலத்திரிக்கமிலம் + சக்தி

அப்ப மா பொங்குவதற்கு மதுவம் வெளிவிடும் காபனீரொட்சைட்டே காரணமாகும். வேகமாக ஓடும்போது தசைகளுக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காமையால் இலத்திரிக்கமிலம் தோன்றும்.

ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து காற்றின்றிய சுவாசத்தில் 2 ஏரீபி மூலக்கூறுகளே தேறும். காற்றிற் சுவாசத்தில் ஏறத்தாழ 30 கிடைக்கும். சில நூல்களில் காணப்படும் 38 என்பது கொள்கையளவிலான உச்சப் பெறுமானமாகும். எதனோலிலும் இலத்திரிக்கமிலத்திலும் பெருமளவு சக்தி எஞ்சியிருப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

பரிசோதனை

முளைக்கும் பயற்றை ஒரு வெப்பக்குடுவையிலும், அவித்து ஆறவைத்துக் கிருமிநீக்கியால் கழுவிய பயற்றை மற்றொரு வெப்பக்குடுவையிலும் இடுக. வெப்பமானிகளைச் செருகி, வாய்களைப் பஞ்சால் அடைக்குக. சில நாட்களில் முதலாவதில் மட்டும் வெப்பநிலை உயரும்.

வினா: பயற்றைக் கிருமிநீக்கியால் கழுவுவது ஏன்?
விடை: அவித்த வித்துகளில் பற்றீரியா, பங்கசு வளர்ந்தால் அவற்றின் சுவாசத்தாலும் வெப்பம் வெளிவிடப்படும். அதைத் தடுப்பதற்காகும்.

பரீட்சையில் கவனிக்க

• சக்தி "உருவாக்கப்படுகிறது" என எழுதாதீர்கள். "விடுவிக்கப்படுகிறது" என்பதே சரி.
• தாவரங்கள் இரவில் மட்டுமன்றிப் பகலிலும் சுவாசிக்கின்றன. பகலில் ஒளித்தொகுப்பு வேகமாக நடைபெறுவதால் சுவாசத்தில் வெளிவரும் காபனீரொட்சைட்டு அதற்கே பயன்பட்டுவிடும்.