டீசல் காரா, பெட்ரோல் காரா? கிலோ மீட்டருக்கு என்ன செலவு?

திருச்சி தில்லை நகரில் குடியிருந்துகொண்டு, ஜீயபுரம் பக்கம் மூன்று ஏக்கரில் வாழை பயிரிடும் விவசாயி ஒருவர் அண்மையில் யோசனை கேட்டு வந்தார். வாழையில் வாடல் நோயாக இருக்கும் என்று எண்ணினேன். அவர் கேட்டது காரைப் பற்றி. பத்து ஆண்டு ஓடிய டீசல் கார் ஒன்று விலைக்கு வருகிறதாம். வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிவிடலாம் என்று இருக்கிறார். "டீசல் வண்டிதானே ஐயா, ஓட்டுகிற செலவு பாதிதான் ஆகும்" என்றார்.

இந்தப் பாதிக் கணக்கு ஒரு காலத்தில் மெய்யாக இருந்தது. இன்றும் பலர் அதை நம்பியே வண்டி வாங்குகிறார்கள். நகையை அடகு வைக்கும் முன் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பாதி விலை எப்படிப் போயிற்று?

2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் மீதிருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. டீசலுக்கு நீக்கவில்லை. லாரி, பஸ், டிராக்டர், ஆயில் எஞ்சின் எல்லாம் டீசலில் ஓடுவதால் விலைவாசி ஏறிவிடும் என்ற அச்சம்தான் காரணம். இதனால் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் விழுந்தது. 2012 மே கடைசியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. கார் வாங்குவோர் டீசல் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

பின்னர் 2013 ஜனவரி முதல் டீசல் விலையை மாதம் 50 காசு வரை ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு நீங்கியது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது, டீசலுக்குக் குறைக்கவில்லை. 2024 மார்ச் 15-ல் இரண்டுக்கும் 2 ரூபாய் குறைந்தபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. முப்பது ரூபாய்க்கு மேல் இருந்த இடைவெளி எட்டரை ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

இதில் நானும் அடிபட்டவன்தான். 2013-ல் விலை இடைவெளியை நம்பி டீசல் கார் வாங்கினேன். மாதம் ஐம்பது காசு என்பது காதில் விழும்போது சிறியதாக இருந்தது. கடன் தவணை முடிவதற்குள் நான் போட்ட கணக்கு பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அப்போது யாராவது யோசனை கேட்டிருந்தால் டீசல்தான் வாங்கச் சொல்லியிருப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டீசல் ஏன் கூடுதலாக ஓடுகிறது?

விலை இடைவெளி போனாலும் எஞ்சினின் சிக்கனம் போகவில்லை. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 830 கிராம். பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம்தான். ஆகவே ஒரு லிட்டர் டீசலில் உள்ள வெப்பம் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல்.

அடுத்தது எரியும் முறை. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, பிளக்கின் தீப்பொறியால் எரிகின்றன. டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்குகிறார்கள். சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பகுதி சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல, அமுக்கப்பட்ட காற்று பழுக்கச் சூடாகி, பீய்ச்சும் டீசலைத் தானே பற்றவைக்கிறது. அமுக்கம் கூடக்கூட அதே எண்ணெயில் கிடைக்கும் வேலையும் கூடும். மேலும், பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்று வரும் வழியைப் பாதி மூடிக்கொண்டு மூச்சுத் திணறி ஓடுகிறது. டீசலுக்கு அந்தத் தடை இல்லை. தேவைக்குத் தக்கபடி எண்ணெயை மட்டும் குறைத்துக்கொள்கிறது. நெரிசலில் நின்று நின்று போகும்போதும் டீசல் வண்டி கைக்கு அடக்கமாகச் செலவு செய்வது இதனால்தான்.

ருடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-ல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் இது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் இன்றைய காரில் கடலை எண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டாம். மயிரிழை போன்ற துளை வழியே மிக உயர்ந்த அழுத்தத்தில் பீய்ச்சும் இன்றைய இஞ்செக்டர் அதைத் தாங்காது. பம்பு செட்டுக்கு வாங்கிய மண்ணெண்ணெயைக் கலப்பதும் அப்படியே. மண்ணெண்ணெயில் வழவழப்புக் குறைவு. டீசல் பம்பு தேய்ந்துவிடும்.

இனிக் கணக்கு

உங்கள் ஊர் பங்க் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குப் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைப்போம். ஒரே அளவுள்ள இரு கார்களில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. கொடுப்பதாகக் கொள்வோம். கிலோ மீட்டருக்குப் பெட்ரோல் காரின் எண்ணெய்ச் செலவு 6 ரூபாய் 73 காசு. டீசல் காருக்கு 4 ரூபாய் 65 காசு. மிச்சம் 2 ரூபாய் 8 காசு.

இதில் எண்ணெய் விலை வேறுபாட்டால் வருவது 40 காசு மட்டுமே. மற்ற 1 ரூபாய் 68 காசு எஞ்சினின் சிக்கனத்தால் வருகிறது. 2012-ல் இதே இரு கார்களை டெல்லி விலையில் ஓட்டியிருந்தால், பெட்ரோல் கார் ஒரு ரூபாய் எரிக்கும் தூரத்துக்கு டீசல் கார் 42 காசுதான் எரித்திருக்கும். இப்போது 69 காசு எரிக்கிறது. "பாதிதான் ஆகும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும், ஏன் இனிச் செல்லாது என்பதும் இதில் தெரியும்.

சரி, கிலோ மீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்பதும் மிச்சம்தானே என்று கேட்கலாம். ஆனால் அதற்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. புதிய டீசல் கார் அதே வகைப் பெட்ரோல் காரைவிட ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைப்போம். எட்டு ஆண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 12,500 ரூபாய். வட்டி நூற்றுக்கு 9 என்றால், முதல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக ஆண்டுக்கு 4,500 ரூபாய். டீசல் வண்டியில் ஆயில், பில்டர், சர்வீஸ் வகையில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் கூடும் எனலாம். மொத்தம் 20,000 ரூபாய். இதை 2 ரூபாய் மிச்சத்தில் ஈடுகட்ட ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட வேண்டும். அதாவது ஞாயிறு, பண்டிகை பாராமல் நாள்தோறும் 27 கி.மீ. அதற்கு மேல் ஓடும் தூரத்துக்குத்தான் டீசல் கார் உங்களுக்கு லாபம் தரும்.

வந்த விவசாயியின் ஓட்டத்தைக் கேட்டேன். தோட்டத்துக்குப் போக வர 30 கி.மீ.; வாரம் மூன்று நாள் போகிறார். ஆண்டுக்கு 4,680 கி.மீ. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று இன்னும் 1,500 சேர்த்தாலும் 6,200 கி.மீ.க்குள்தான். எண்ணெயில் மிச்சம் ஆண்டுக்கு 12,900 ரூபாய் அளவே வரும். இத்தனைக்கும் அவர் அதிகம் அலைவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கே டீசல், எங்கே பெட்ரோல்?

தொட்டியத்திலிருந்தோ முசிறியிலிருந்தோ வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அடிக்கடி காந்தி மார்க்கெட் வருபவருக்கு டீசல் வண்டியே பொருந்தும். ஒரு நாளைக்கு 60 கி.மீ. வீதம் 300 நாள் ஓடினால் 18,000 கி.மீ. ஆகிவிடும். பாரம் ஏற்றி மெதுவாக இழுக்கும் வலுவும் டீசல் எஞ்சினுக்கே உண்டு. குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாட்டா ஏஸ் 2005-ல் டீசல் வண்டியாகத்தான் வந்தது. பின்னால் பெட்ரோலிலும் வந்தது. குறைந்த தூரம் ஓட்டுபவர்கள் தேடுவார்கள் என்பதைக் கம்பெனிக்காரர்களும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அருகிலேயே ஓட்டுபவருக்கு டீசலில் இன்னொரு தொல்லை உண்டு. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. அதன்படி வரும் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி தானே எரிந்து சாம்பலாக வேண்டுமானால் வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கால் மணி, இருபது நிமிடம் ஓடி நன்றாகச் சூடேற வேண்டும். தில்லை நகர் கிராஸ் தெருக்களிலும் சாஸ்திரி ரோட்டிலும் மட்டும் ஓடி நிற்கும் காரில் இது நடப்பதில்லை. வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் ஒர்க்ஷாப் செலவு பெரிதாகும்.

பெட்ரோலிலும் குறை இல்லாமல் இல்லை. கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து வரும் எத்தனாலை இப்போது 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2025-க்கு முன்னால் கொண்டுவந்தார்கள். கரும்பு விவசாயிக்கு இது நல்ல செய்தி. ஆனால் எத்தனாலின் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய வண்டியில் கூடுதலாகத் தெரியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். களை எடுக்கும் பவர் வீடர், பெட்ரோல் தெளிப்பான் போன்றவற்றைப் பருவம் முடிந்து மூலையில் வைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீரும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

ஒருவர் மட்டும் தோட்டத்துக்குப் போய் வருவதற்கு எந்தக் காரும் மொபெட்டுக்குப் பக்கத்தில் வராது. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல் இந்த ரக வண்டிகள் நம் விவசாயிகளுக்கு உழைத்து வருகின்றன. லிட்டருக்கு 50 கி.மீ. என்று குறைத்து வைத்தாலும் கிலோ மீட்டருக்கு 2 ரூபாய்தான். இரண்டு கட்டு வாழை இலையும் ஏற்றலாம். கார் மரியாதைக்கும் மழைக்கும் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

உண்மை மைலேஜைக் கண்டுபிடிக்க

விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜைக் கணக்கில் வைக்க வேண்டாம். தொட்டியை முழுவதும் நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். பிறகு அதே பங்கில் மீண்டும் முழுவதும் நிரப்புங்கள். இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். 412 கி.மீ. ஓடி 26 லிட்டர் பிடித்தால் 15.8 கி.மீ. ஒரு முறை பார்த்தால் போதாது. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். உர விலை எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

பழைய டீசல் கார் வாங்குவோருக்கு

பழைய வண்டியில் டீசலுக்கென்று பெரிய முன்பணம் கூடுதலாக இருக்காது. ஆபத்து பழுதில் இருக்கிறது. நான்கு இஞ்செக்டர்களையும் புதிதாக மாற்ற நேர்ந்தால், நம் விவசாயியின் ஆண்டுக்கு 12,900 ரூபாய் என்ற மிச்சத்தை இரண்டு மூன்று ஆண்டுக்கு அது விழுங்கிவிடும். பதினைந்து ஆண்டு ஆனதும் பதிவுச் சான்றையும் புதுப்பிக்க வேண்டும். பத்து ஆண்டு வண்டிக்கு அது தொலைவில் இல்லை. நடவுக்கும் உரத்துக்கும் அவசரமாகப் பணம் வேண்டும்போது கைகொடுப்பது அந்த நகைதான். அது வண்டியில் முடங்கிவிட்டால் அடுத்த கன்று நடவுக்குக் கந்து வட்டிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

ஆகவே அவரை வண்டியைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். விற்பவர் ஏற்கெனவே சூடாக்கி வைத்த வண்டியில் பழுது தெரியாது. விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், அவர் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நெடுநேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடித்தால் அமுக்கமோ இஞ்செக்டரோ தளர்ந்திருக்கலாம். விடாமல் கறுப்புப் புகை வந்தால் எண்ணெய் சரியாக எரியவில்லை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதே விலையில் பெட்ரோல் கார் கிடைக்குமா என்றும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.