எண்ணெய் விலையும் ஏழை அடுப்பும்

விலைவாசியைப் பற்றிப் பேசாதவரை மயிலாப்பூர் மாடவீதியிலும் தியாகராய நகர்க் கடைத்தெருவிலும் அடையாற்று பஸ் நிறுத்தத்திலும் காண்பது அரிது. காய்கறிக்காரர் மீதும் ஓட்டல்காரர் மீதும் பழி சுமத்திவிட்டு ஜனங்கள் வீடு திரும்புகின்றனர். தீர்ப்பளிக்குமுன் வழக்கைச் சற்று விசாரிப்பது நலம்.

நமது தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்திற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. எங்கோ யுத்தம் மூண்டால், கோயம்பேட்டுக்குச் சரக்கேற்றி வரும் லாரியின் டீஸல் செலவு ஏறுகிறது. அந்த ஏற்றம் கத்தரிக்காய் விலைக்குள் புகுந்துகொள்கிறது. ஓட்டல்களுக்குரிய 19 கிலோ காஸ் சிலிண்டர் 2021 நவம்பரில் சென்னையில் 2,000 ரூபாயைத் தாண்டிற்று. வீட்டுச் சிலிண்டர் 2022 மே மாதத்தில் 1,000 ரூபாயைத் தாண்டிற்று. உக்ரேன் யுத்தம் தொடங்கிய இரண்டு மாதத்திற்குள், 2022 ஏப்ரலில், சில்லறை விலைவாசி உயர்வு 7.79 சதவீதமாயிற்று. ரிஸர்வ் பாங்கிக்கு விதிக்கப்பட்டிருந்த மேல் வரம்போ 6 சதவீதமே.

சென்னைக்கு இவ்வனுபவம் புதிதன்று. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது, பர்மா அரிசியும் மண்ணெண்ணெயும் இந்நகருக்கு வருவது நின்றுபோயிற்று. அயல்நாட்டு யுத்தத்தைத் தடுப்பது நம் வசத்தில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் வரி நம் வசத்தில் இருக்கிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி அதைப் பற்றியதே.

2014-ன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கிற்று. அந்த மலிவு முழுமையும் ஜனங்களை வந்தடைந்ததா? இல்லை. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை மத்திய சர்க்கார் ஒன்பது தடவை கலால் வரியை உயர்த்தினர். 2020 மே மாதத்தில், கொரோனாவினால் எண்ணெய் விலை சரிந்திருந்தபோது, பெட்ரோல் லிட்டருக்கு 10 ரூபாயும் டீஸலுக்கு 13 ரூபாயும் ஒரே அறிவிப்பில் ஏற்றினர். பின்னர் விலை ஏறியபோது, 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தனர்; 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்காரும் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தனர். இவற்றை மறைப்பது நியாயமாகாது. ஆயினும் 2025 ஏப்ரலில் எண்ணெய் மலிந்ததும், கலால் வரி மீண்டும் லிட்டருக்கு 2 ரூபாய் உயர்ந்தது. எண்ணெய் விலை ஏறினால் பாரம் குடும்பத்திற்கு. இறங்கினால் லாபத்தில் பெரும் பங்கு பொக்கிஷத்திற்கு. இதுவே வழக்கமாகிவிட்டது.

சாலைக்கும் நிவாரணத்திற்கும் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அதை யாரிடம் வாங்குவது என்பதே கேள்வி. மத்திய சர்க்கார் ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி திருத்தப்படுகிறது. மயிலாப்பூரில் சமைக்கும் அம்மாளுக்கும், தியாகராய நகர் ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்கும், அடையாற்றில் இரவுக் காவல் காப்பவருக்கும் பஞ்சப்படி தருவார் யார்? சொந்த வாகனம் இல்லாத அவர்களும் காய்கறி வழியே டீஸல் வரி செலுத்துகின்றனர்.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, சட்டம். கச்சா எண்ணெய் இன்ன விலைக்கு ஏறினால் வரி இவ்வளவு இறங்கும், இன்ன விலைக்கு இறங்கினால் இவ்வளவு ஏறும் என்று பார்லிமெண்டும் சட்டசபையும் முன்கூட்டியே அட்டவணை வகுத்துப் பிரசுரிக்கட்டும். மலிவுக் காலத்தில் சேரும் மிகுதியைத் தனி நிதியாக வைத்து, பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கே திருப்பட்டும். கோடிக்கணக்கான அடுப்புகளைத் தொடும் வரி, இரவோடிரவாக வரும் அறிவிப்புக்குக் கட்டுப்பட்டிருப்பது குடியரசுக்கு அழகன்று.