பீங்கான் திண்ம மின்பகுளிகளில் மணி எல்லைகளும் மாசுகளும்

லித்தியம் மின்கலத்தின் இரு மின்முனைகளுக்கும் இடையே லித்தியம் அயனிகளைக் கடத்தும் பீங்கான் வகைப் பொருளே பீங்கான் திண்ம மின்பகுளி ஆகும். கைப்பேசி, மின்சார ஸ்கூட்டர் முதலியவற்றின் மின்கலங்களில் இன்று இவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் தீப்பற்றக்கூடிய ஒரு கரிமத் திரவம். பீங்கான் தீப்பற்றாது. ஆனால் அதற்குள் அயனி எவ்வளவு எளிதாக நகரும் என்பதைப் பொருளின் வேதியியல் வாய்பாடு மட்டும் தீர்மானிப்பதில்லை. படிகங்களின் இடுக்கில் இருப்பதும், சுடும்போது தெரியாமல் உள்ளே நுழைந்ததும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எல்எல்இசட்ஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் லித்தியம் லாந்தனம் சிர்க்கோனியம் ஆக்சைடு. நாம் கோமேதகம் என்று சொல்லும் கல் எந்தக் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்தக் கார்னெட் குடும்பத்தின் கட்டமைப்பே இதற்கும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் இராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் வெப்னர் ஆகிய மூவரும் 2007இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அறை வெப்பநிலையில் இதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.0003 சீமென்ஸ். திரவ மின்பகுளிகளின் கடத்துதிறன் 0.01 அளவில் இருக்கும். திண்மப் பொருள் ஒன்று இந்த அளவுக்கு நெருங்கி வந்ததே அன்று பெரிய செய்தி.

பிறகுதான் ஒரு புதிர் எழுந்தது. 2009இல் ஜப்பானில் அவாகா குழுவினர் அதே வாய்பாட்டில் தயாரித்த படிகம் கனசதுர வடிவில் இல்லாமல் நாற்கோண வடிவில் அமைந்தது. அதன் கடத்துதிறன் நூறு மடங்குக்கும் மேல் குறைவு. வேறுபாட்டுக்குக் காரணம் சுடும் பாத்திரம் என்பதை 2011இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அலுமினா மூசையிலிருந்து சிறிதளவு அலுமினியம் மாதிரிக்குள் ஊறிவிடுகிறது. ஓர் அலுமினியம் அயனியின் மின்னேற்றம் மூன்று. ஆகவே அது மூன்று லித்தியம் அயனிகளுக்கு ஈடாக ஓரிடத்தில் அமர்ந்துகொள்ள, இரண்டு இடங்கள் காலியாகின்றன. ஒழுங்காக வரிசைகட்டி நின்ற லித்தியம் அயனிகள் கலைந்து, வேகமாகக் கடத்தும் கனசதுர அமைப்பு அறை வெப்பநிலையிலும் நிலைத்துவிடுகிறது. எதிர்பாராமல் கலந்த மாசே இங்கு நன்மை செய்தது.

ஆனால் அதே அலுமினியம் அளவு மீறினால் மணி எல்லைகளில் போய்ச் சேரும். மணி எல்லை என்பது என்ன? பொரி உருண்டையைப் பிட்டுப் பாருங்கள். பொரிக்கும் பொரிக்கும் நடுவில் வெல்லப்பாகு இருக்கும். பீங்கானும் எண்ணற்ற படிகமணிகள் ஒட்டி உருவானதே. இரு மணிகள் சந்திக்கும் தளத்தில் அணு வரிசை திசை மாறுகிறது. தூய எல்லை சில அணுக்களின் அகலமே இருக்கும். பாகு போல வேறு பொருள் தேங்கினால்தான் அது தடிக்கிறது. லித்தியம் அலுமினேட், லாந்தனம் அலுமினேட் போன்றவை அப்படித் தேங்குபவை. சுடும்போது லித்தியம் ஆவியாகிப் போனால் லாந்தனம் சிர்க்கோனேட் என்னும் கடத்தாப் பொருளும் உண்டாகும். இதற்காகவே தொடக்கக் கலவையில் லித்தியத்தைச் சற்றுக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். வில்லையை அதே பொருளின் பொடியால் மூடிச் சுடுவதும் உண்டு.

எல்லாப் பீங்கான்களிலும் இச்சிக்கல் ஒரே அளவில் இல்லை. 1993இல் இனாகுமா குழுவினர் அறிவித்த லித்தியம் லாந்தனம் டைட்டனேட்டில் மணியின் உள்ளே கடத்துதிறன் 0.001, ஆனால் மணி எல்லைகளைக் கடக்கும்போது அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுகிறது. கார்னெட் வகை இவ்விஷயத்தில் எவ்வளவோ மேல்.

மற்றொரு மாசு காற்றிலிருந்து வருகிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. அங்கே ஒரு மாணவர் இப்பொருளைச் செய்து திறந்த மேசையில் வைத்தால், சென்னையின் ஈரக்காற்று சும்மா விடாது. நீரின் ஐதரசன் அயனி உள்ளே நுழைய, லித்தியம் வெளியேறி ஐதராக்சைடாகி, கரியமில வாயுவுடன் சேர்ந்து லித்தியம் கார்பனேட் படலமாகிவிடும். அப்படலத்தின் மேல் லித்தியம் உலோகம் ஒட்டாது. மெருகிட்டோ மந்த வாயுவில் சூடாக்கியோ அதை நீக்கலாம். ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துக் காப்பது அதைவிட எளிது.

மணியின் தடையையும் எல்லையின் தடையையும் பிரித்தறிய மாறுமின்னோட்ட மறிப்பு அளவீடு உதவுகிறது. வரைபடத்தில் இரண்டுக்கும் தனித்தனி அரைவட்டங்கள் தோன்ற வேண்டும். எல்எல்இசட்ஓவில் அறை வெப்பநிலையில் அவை பெரும்பாலும் கலந்தே தெரியும். மாதிரியைக் குளிர்வித்து அளந்தால் பிரியும்.

எல்லைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்கலத்தை வேகமாக மின்னேற்றும்போது லித்தியம் உலோகம் மணி எல்லைகளின் வழியே இழை இழையாகப் பீங்கானுக்குள் ஊடுருவுவதை 2017இல் மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. இழை மறுமுனையைத் தொட்டால் குறுக்குச் சுற்று. எஃகைவிட மென்மையான ஓர் உலோகம் கடினமான பீங்கானைத் துளைப்பது எப்படி என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. நுண்விரிசல்களே காரணம் என்பது ஒரு தரப்பு. பீங்கானுக்குள் சிறிதளவு எலக்ட்ரான்களும் கசிவதால் லித்தியம் உள்ளேயே படிகிறது என்பது மற்றொரு தரப்பு.