நிற்பதைக் காணும் ரேடார்

ஜெர்மானிய நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 40 டன் லாரி, விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடுமாதலால், நெரிசலின் கடைக்கோடியில் அசையாது நிற்கும் வாகனத்தைச் சாரதி ஒரு கணம் காணத் தவறினும் விபரீதம் நேரும். லாரியின் முன்புறத்தில் பொருத்தப்படும் ரேடார், தான் அனுப்பிய அலைகள் பிரதிபலித்துத் திரும்புவதைக்கொண்டு எதிரேயுள்ள பொருளின் தூரத்தையும் வேகத்தையும் கணித்து, மோதல் நெருங்குவதாகக் கண்டால் முதலில் எச்சரிக்கை ஒலியெழுப்பி, சாரதி அதற்கும் செவிசாய்க்காவிடில் தானே பிரேக்கை இயக்கும். ஓடும் வண்டியை அறிவது எளிது. நிற்பதை அறிவதே கஷ்டம், ஏனெனில் பாலமும் பெயர்ப்பலகையும்கூட ரேடாருக்கு நிற்கும் பொருள்களே! ஆதியில் வந்த கருவிகள் நிற்பவற்றைப் பெரும்பாலும் புறக்கணித்தன. பின்னர் காமிராவும் துணைசேர, அக்குறை வெகுவாக நீங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 நவம்பர் முதல் புதிய கனரக லாரிகளுக்கு இத்தகைய தானியங்கிப் பிரேக் பொதுவாகக் கட்டாயம்.