‘ஆயிஷா’ நடராசன்

‘ஆயிஷா’ என்னும் மெல்லிய புத்தகத்தை எழுதிய இரா. நடராசன், கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அதன் பாத்திரத்தின் பெயரே எழுத்தாளர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இப்படி அமைவது அபூர்வம்.

1990களில் கணையாழி இதழில் வெளிவந்த ‘ஆயிஷா’ குறுநாவல், ஓர் ஆசிரியை தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாக விரிகிறது. பத்தாம் வகுப்பு ஆயிஷா ஓயாமல் கேள்வி கேட்பாள். அதற்காகவே அடியும் வாங்குவாள். பிரம்படி உறைக்காமல் உடல் மரத்துப்போக ஒரு மருந்தைத் தேடுகிறாள். முதலில் தவளைக்குக் கொடுத்துப் பார்க்கிறாள். பிறகு தனக்கே. அதோடு முடிந்துபோகிறாள்.

கெட்டிக்காரச் சிறுவர்கள் திருடனைப் பிடிக்கும் கதைகளில் பழகிய இளையோருக்கு இது புதிது. ஆசிரியர்களைத்தான் இன்னும் அதிகமாக உலுக்கியது.

‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நூலுக்காக நடராசன் 2014இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார்.